மாமி வர மாட்டேன் என்கிறா, தீ கிட்ட வருகிறது

திருகோணமலை கன்னியாப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை எடுத்துவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"எங்கள் வீட்டுக்கு மேற்காலே பற்றைக்காடு, அதற்கு அங்கால் ஒரு சின்ன மலை. மூன்று நாளாக மலையின் மறுபக்கம் எரிகிறது. பகலில் புகை மட்டும்தான், இரவில் வானம் சிவப்பாகத் தெரியும். ஜீ.எஸ் (கிராம சேவகர்) வந்து ஆயத்தமாக இருங்கோ, தேவைப்பட்டால் சொல்லுறம் என்று சொல்லிவிட்டுப் போனார். கணவர் கட்டாரில். வீட்டில் நான், பத்து வயது மகள், ஆறு வயது மகன், மாமி. மகனுக்கு முட்டு வருத்தம் இருக்கு, நேற்று இரவு முழுக்க இருமல். மாமிக்கு 73 வயது, சலரோகம், பிறசர், முழங்காலும் ஏலாது. மூன்று மாடும் ஒரு கன்றும் நிற்குது. உவர்மலையில் என் அக்கா வீடு இருக்கு, அங்கே போவம் என்றால் மாமி அசையிறா இல்லை. 'எத்தனை தரம்தான் எழும்பி ஓடுறது, நான் இந்த வளவுக்குள்ளேயே கிடக்கிறன், நீங்கள் போங்கோ' என்கிறா. மாமி சம்பூர்ப் பக்கம், 2006இல் வெளிக்கிட்டவ. கணவரும் போனில், சும்மா பயப்படாதே, வீட்டை விட்டுப் போனால் சாமானெல்லாம் களவு போகும் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரரும் வருடா வருடம் எரிகிறதுதானே என்று சிரிக்கிறார்கள். நான் கூடப் பயப்படுகிறேனா? எப்போது வெளிக்கிட வேண்டும்? மாமியைக் கட்டாயப்படுத்திக் கூட்டிப் போகலாமா?"

தங்கச்சி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் கூடப் பயப்படவில்லை. இழுப்புள்ள ஒரு பிள்ளை, கெதியாக நடக்க ஏலாத ஒரு வயதானவர், மேற்கே எரிகிற மலை, மேற்கிலிருந்தே வீசுகிற கச்சான் காற்று. இவ்வளவும் சேர்ந்த வீட்டில் இருக்கிற எவருக்கும் வர வேண்டிய பயம் இது. அனர்த்த ஆயத்த வேலையில் பல வருடமாக இருக்கிறவன் என்ற முறையில் என் பதில், இன்றைக்கே பிள்ளைகளையும் மாமியையும் அக்கா வீட்டுக்கு மாற்றுங்கள், யாரும் வந்து சொல்லும்வரை காத்திருக்க வேண்டாம். ஏன் அப்படிச் சொல்கிறேன், மாமியை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்பதை இனிக் கதைப்போம்.

அயலவர் சொல்வதில் பாதி உண்மை. நம்முடைய மாவட்டத்துக்கு மழை பெரும்பாலும் ஒக்டோபருக்குப் பிறகு வாடைக்காற்றோடுதான் வரும், அதற்கு முந்திய கோடை மாதங்களில் இலுக்குப் புல்லும் பற்றையும் காய்ந்து கிடக்கும். அதில் யாரோ சேனைக்கு வெட்டி எரித்த நெருப்போ, மாட்டுக்குப் புதுப்புல் முளைக்கட்டும் என்று வைத்த நெருப்போ, குப்பையில் வைத்த நெருப்போ ஏறிவிடும். நம் நாட்டில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் வைப்பதுதான். ஆக, ஒவ்வொரு வருடமும் எரிகிறது என்பது சரி. ஆனால் போன வருடம் எந்தப் பக்கம் எரிந்தது, காற்று எப்படி நின்றது, கிட்ட எவ்வளவு காய்ந்த பற்றை இருந்தது என்பதெல்லாம் வேறு. போன வருடம் வரவில்லை என்பதை வைத்து இந்த வருடத் தீயைக் கணக்குப் போட முடியாது.

நீங்கள் எழுதியதில் ஒன்று என் கண்ணில் பட்டது. இரவில் சிவப்பாகத் தெரியும்போதுதான் உங்களுக்குப் பயம், பகலில் புகை மட்டும் என்பதால் கொஞ்சம் ஆறுதல். எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும், ஆனால் தீயின் குணம் அதற்கு நேர்மாறு. இரவில் காற்றில் ஈரம் ஏறும், சூடு குறையும், பெரும்பாலும் காற்றும் தணியும், தீ மெதுவாகத்தான் நகரும். விடிந்து பத்து மணிக்குப் பிறகு வெயில் ஏறி, ஈரம் வற்றி, கச்சான் எழும்பினால் அதே தீ ஓடத் தொடங்கும். மத்தியானத்திலிருந்து பின்னேரம் வரைதான் மோசமான நேரம். அத்தோடு சில நாட்களில் பின்னேரம் கடற்காற்று உள்ளே ஏறி, காற்றின் திசையே மாறும். அதுவரை பக்கவாட்டில் சோம்பலாக எரிந்துகொண்டிருந்த நீண்ட விளிம்பு முழுக்க அப்போது முன்னணியாகிவிடும். காலையில் தீ அந்தப் பக்கம் போகுது என்று பார்த்தவர்கள் பின்னேரம் ஏமாறுவது இதனால்தான்.

அடுத்தது மலை. தீ ஏற்றத்தில் வேகமாக ஏறும், சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கிற கணக்கு. இப்போது அது மறுபக்கத்திலிருந்து உச்சியை நோக்கி ஏறுகிறது. உச்சிக்கு வந்துவிட்டால் இறங்கும்போது பொதுவாக மெதுவாகும்தான், ஆனால் உங்கள் வீடு காற்றுக்குக் கீழ்ப்பக்கம் இருப்பதால் உச்சியிலிருந்து தணற்பொறி பறந்து வரும், எரிகிற கட்டைகளும் உருண்டு வரும். காட்டுத்தீயில் வீடுகள் எரிவது பெரும்பாலும் பெரிய தீச்சுவர் வந்து மோதி அல்ல. பல நூறு மீற்றர் முன்னால் பறந்து வருகிற பொறி கிடுகுக் கொட்டிலிலோ, கூரையில் சேர்ந்த சருகிலோ, குசினிச் சுவரோடு அடுக்கிய விறகிலோ, தேங்காய் மட்டையிலோ விழுந்து, ஆள் இல்லாத நேரம் மெல்லப் பற்றிக்கொள்வதால்தான்.

ஆகவே உங்கள் எல்லைக்கோட்டை இப்படி வையுங்கள். மலை உச்சியில், உங்கள் பக்கம் பார்த்துத் தீ நாக்கு தெரிந்தால் வீட்டில் ஒருவரும் நிற்கக் கூடாது. அதுவே கடைசிக் கோடு. அதற்குப் பிறகு மாடும் இல்லை, சாமானும் இல்லை, யாருடைய உத்தரவும் தேவையில்லை. உங்கள் ஒழுங்கை மெயின் ரோட்டுக்குப் போகிற ஒரே வழியாக இருந்தால், அந்த ஒழுங்கையை ஒட்டிய பற்றையில் எங்கே புகை கண்டாலும் அதுவும் அதே கோடுதான். வழி அடைபட்ட பிறகு வெளிக்கிடுவது, வெளிக்கிடாமல் இருப்பதைவிட மோசம். ஆட்டோவில் போகிறவர்கள் இதை இன்னும் கவனிக்க வேண்டும், பக்கம் திறந்த வண்டி, புகையும் பொறியும் நேரே உள்ளே வரும், எரிகிற பற்றைக்கு நடுவே ஆட்டோவை ஓட்டிப் பார்க்கலாம் என்று நினைக்கவே கூடாது.

சரி, மாமிக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவதான்.

மாமியைப் பிடிவாதக்காரி என்று நினைக்காதீர்கள். 2006இல் யுத்தத்தால் சம்பூர்ப் பக்கமிருந்து வெளிக்கிட்ட சனம் கொஞ்ச நாளில் திரும்பலாம் என்றுதான் வெளிக்கிட்டது. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் கிடந்து, காணி திரும்பக் கிடைக்க 2015, 2016 ஆனது. கையில் ஒரு பேக்கோடு வெளிக்கிட்டு, பத்து வருடம் கழித்து வந்து, வீடு இருந்த இடத்தைப் பற்றைக்குள் தேடியவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஒருவரிடம் போய் 'மாமி, கொஞ்ச நாளைக்குத்தான், வாங்கோ' என்று நாம் சொன்னால் அவவுக்குக் கேட்பது பழைய வசனம். அவ பயப்படுவது தீக்கு இல்லை. வெளிக்கிட்டால் திரும்பி வர விடமாட்டார்கள், காணி போய்விடும் என்பதுதான் அவவின் பயம். நீங்கள் எவ்வளவு நேரம் தீயைப் பற்றிக் கதைத்தாலும் அந்தப் பயத்தை அது தொடாது.

அதனால் தீயைப் பற்றிக் கதைக்காதீர்கள், திரும்பி வருவதைப் பற்றிக் கதையுங்கள். இன்றைக்கு, அவசரமில்லாத ஒரு நேரத்தில், பிள்ளைகள் இல்லாத இடத்தில் பக்கத்தில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொல்லுங்கள். 'மாமி, இது அந்தக் காலத்து வெளிக்கிடுகை இல்லை. காணி உறுதி உங்கள் கையிலதான் இருக்கும், வீட்டுத் திறப்பும் உங்கள் கையிலதான். ராவைக்கு அக்கா வீட்டில படுப்பம், விடிய வந்து மாட்டைப் பாத்து, பூவுக்குத் தண்ணி விட்டு, வெயில் ஏற முதல் திரும்புவம்.' இது ஆறுதலுக்குச் சொல்லுகிற பொய் இல்லை, தீயின் கணக்குக்கும் இதுதான் பொருத்தம். விடியற்காலையிலிருந்து ஒன்பது மணி வரை பெரும்பாலும் காற்று அடங்கியிருக்கும். உச்சியில் தீ வராதவரை அந்த நேரத்தில் போய் வரலாம், மாடு கறக்கலாம், மாமியின் கண்ணுக்கு வீடு தெரியும். வர ஏலும் என்பதை முதல் நாளே அவ கண்ணால் கண்டால் அடுத்த நாள் வெளிக்கிடுவது லேசாகும்.

உறுதியையும் திறப்பையும் உண்மையிலேயே அவ கையில் கொடுங்கள். நீங்கள் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று வாங்கிவிட வேண்டாம். அப்புறம் பேரனை அவவிடம் ஒப்படையுங்கள். 'மாமி, இவனுக்கு முட்டு, புகைக்குள் வைத்திருக்க ஏலாது, அக்கா வீட்டில் இவனைப் பார்க்க ஆள் வேணும்' என்று கேளுங்கள். அது நடந்துகொண்டிருக்கிற விஷயம்தானே. தன்னைக் காப்பாற்ற என்று கூப்பிட்டால் அசையாத எத்தனையோ பேர், பிள்ளைக்காக எழும்பியிருக்கிறார்கள். மற்றவர்கள் தூக்கிப் போகிற சுமை என்று ஒரு வயதானவரை உணர வைத்தால் அவ இன்னும் இறுகிப்போவா.

இவ்வளவும் செய்தும் வராவிட்டால்? மாமியோடு அவவின் மகனைக் கதைக்க விடுங்கள். கணவருக்கு இன்றைக்கே அழைத்து, இந்தப் பதிலையும் வாசித்துக் காட்டுங்கள். களவு போகும் என்ற அவருடைய கவலை நியாயமானது, அயலில் நம்பிக்கையான ஒருவரைக் காலையும் மாலையும் பார்க்கச் சொல்லலாம், நகையை அக்கா வீட்டுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் டீவியையும் பிரிட்ஜையும் காவல் காக்க ஒரு பெண்ணையும் ஒரு முதியவரையும் எரிகிற மலைக்குக் கீழே இருக்கச் சொல்வதை அவரும் நினைத்துப் பார்த்தால் ஏற்கமாட்டார். அவர் தாயிடம் 'அம்மா, நீங்கள் போனால்தான் எனக்கு இங்கே வேலை செய்ய ஏலும்' என்று ஒரு வார்த்தை சொன்னால் அது உங்கள் நூறு வார்த்தைக்குச் சமம்.

கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டீர்கள். இன்றைக்கு வேண்டாம், இன்றைக்கு நேரம் இருக்கிறது, கதைத்தே தீர்க்கலாம். ஆனால் மலை உச்சியில் தீ தெரிந்த பிறகு மாமி மறுத்தால், அயலாரைக் கூப்பிட்டுக் கதிரையோடு தூக்கி ஏற்றுங்கள். கோபிக்கட்டும், ஏசட்டும். அதை அவவிடம் இப்போதே முகத்துக்கு நேரே சொல்லியும் வையுங்கள், 'மாமி, அந்த இடத்தில நெருப்புத் தெரிஞ்சால் நான் உங்களைக் கேட்க மாட்டன்' என்று. தூக்க ஆள் இல்லையென்றால் 119க்கோ 117க்கோ அடித்து, நடக்க ஏலாத ஒருவர் இருக்கிறார் என்று சொல்லுங்கள். ஒன்று மட்டும், பிள்ளைகள் அந்த இழுபறிக்குள் நிற்கக் கூடாது. அவர்கள் முதலே அக்கா வீட்டில் இருக்க வேண்டும் என்று நான் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மகனுடைய இருமலை நான் தள்ளிப்போட மாட்டேன். முகத்தில் ஈரத்துணி கட்டினால் சாம்பல் துகள் நிற்கும், நுரையீரலுக்குள் இறங்குகிற நுண்ணிய புகை நிற்காது, சாதாரணத் துணி மாஸ்க்கும் அப்படியே. பெரியவர்களுக்கு என்95 மாஸ்க் முகத்தோடு இறுக்கமாகப் பொருந்தினால் உதவும், ஆறு வயதுப் பிள்ளைக்கு அது சரியாகப் பொருந்தாது. அவனுக்கு மருந்து புகை இல்லாத இடம்தான். நீல நிற இன்ஹேலரும் ஸ்பேசரும் உங்கள் கைப்பையிலேயே இருக்கட்டும், சாமான் பேக்கில் அடியில் போட வேண்டாம். ஒரு வசனத்தை மூச்செடுக்காமல் சொல்ல முடியாமல் போனால், விலா இடுக்கு உள்ளே இழுத்தால், உதடு நீலம் பாய்ந்தால் யோசிக்க வேண்டாம், 1990க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். புகை கட்டியிருக்கிற நேரம் நுளம்புத்திரியும் ஊதுபத்தியும் விறகடுப்பும் வேண்டாம், அதுவும் சேர்ந்துதான் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகும்.

கொண்டுபோவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் 1990ஆம் ஆண்டு யுத்தத்திலும் 2004 சுனாமியிலும் பத்திரம் இழந்தவர்கள் அதன் பிறகு கந்தோர் கந்தோராக அலைந்த அலைச்சல் நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். காணி உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், அடையாள அட்டைகள், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், மாமியின் கிளினிக் கொப்பி, மகனின் மருந்துத் துண்டுகள், எல்லாவற்றையும் இன்றைக்கு இரவே போனில் படம் எடுத்துக் கணவருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மூலப் பிரதிகள் ஒரு பொலித்தீன் பைக்குள். மாமியின் குளிசைகள் ஒரு கிழமைக்காவது. நேரம் எடுத்துக்கொண்டு வெளிக்கிடுகிற வெளிக்கிடுகை இது, ஆதலால் மாமியின் மனசுக்கு வேண்டிய ஒன்றையும் ஏற்றுங்கள், சாமிப்படமோ, தாத்தாவின் படமோ, அது என்ன என்று அவவே எடுக்கட்டும்.

மாடுகள். எந்தக் காரணம் கொண்டும் கட்டி வைத்துவிட்டுப் போகாதீர்கள். பற்றை இல்லாமல் மேய்ந்து மொட்டையான வெளிக்கோ, குளத்து அலைகரைக்கோ காலையிலேயே மாற்றிவிடுங்கள், யாராவது உறவினர் பட்டி இருந்தால் இன்னும் நல்லது. அவிழ்த்துவிடுகிற நிலை வந்தால் நைலோன் கயிற்றையும் கழற்றிவிடுங்கள், அது சூட்டில் உருகித் தோலோடு ஒட்டும். மனிதருக்கும் அதேதான், புகைக்குள் நடக்கிற நிலை வந்தால் பொலியெஸ்டர் நைட்டியோடு நடக்கக் கூடாது, பருத்தித் துணியில் கைகால் மூடி, சப்பாத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டுக்குச் செய்யக் கூடியது அரை நாள் வேலை. கூரைச் சருகைத் தட்டிவிடுங்கள். சுவரைச் சுற்றி ஒன்றரை மீற்றருக்கு விறகு, மட்டை, பாய், பிளாஸ்டிக் கதிரை எதுவும் கிடக்கக் கூடாது. கிடுகு வேலி வீட்டோடு முட்டுகிற இடத்தில் நாலைந்து கிடுகை அவிழ்த்து இடைவெளி விடுங்கள். வெளிக்கிடும்போது கேஸ் சிலிண்டரை மூடி, கழற்ற ஏலுமென்றால் வீட்டுக்கு வெளியே, பற்றைக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்து, கதவு யன்னல் எல்லாம் சாத்துங்கள். கரண்ட் போனால் தண்ணி மோட்டரும் நின்றுவிடும் என்பதால் வாளிகளையும் தொட்டியையும் நிரப்பி வையுங்கள். யாராவது நாங்களே எதிர்த்தீ வைத்து நிறுத்துவோம் என்று வந்தால் விடாதீர்கள், அது பயிற்சி உள்ளவர்களின் வேலை. தீயணைப்புக்கு 110, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117, பொலிசுக்கு 119. உங்கள் வீட்டில் நடக்க ஏலாத ஒருவரும் முட்டு உள்ள பிள்ளையும் இருப்பதை ஜீ.எஸ்ஸிடம் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

எல்லாம் பிழைத்து வழி அடைபட்டுப்போனால், பற்றைக்குள் ஓட வேண்டாம், மலைப்பக்கம் ஏற வேண்டாம், கிணற்றுக்குள் இறங்கவே வேண்டாம். கல்வீடு என்றால் உள்ளே, யன்னலுக்குத் தள்ளி நின்று, தீ கடந்துபோகும்வரை இருப்பதே வெளியில் நிற்பதைவிடப் பாதுகாப்பு. இதை நீங்கள் பாவிக்க வேண்டி வராது என்று நம்புகிறேன், ஆனால் தெரிந்திருக்க வேண்டும்.

தீ அணைந்த பிறகு மாமி உடனே ஓடிப்போய்ப் பார்க்க நிற்பா. ஜீ.எஸ்ஸோ பொலிசோ சரி என்ற பிறகு, முதல் நடை நீங்கள் ஒரு பெரியவரோடு போங்கள், பிள்ளைகள் வேண்டாம். அடிமரங்களும் வேர்களும் நிலத்துக்குள் நாட்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும், சாம்பல் மூடிய குழியில் கால் வைத்தால் வெந்துவிடும். பாம்புகள் வளவுக்குள்ளும் விறகுக்குள்ளும் ஒதுங்கியிருக்கும், காட்டிலிருந்து கிளம்பிய யானை தோட்டப்பக்கம் நிற்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, எரிந்து வெளியான பற்றைக்குள் ஒருவரும் போகக் கூடாது, மாட்டைத் தேடியும் கூடாது, விறகுக்கும் கூடாது. யுத்தம் நடந்த மாவட்டம் இது. வெடிக்காத பொருட்கள் இத்தனை வருடம் புல்லுக்குள் மறைந்து கிடந்து தீக்குப் பிறகு வெளியே தெரியலாம், சூட்டில் இளகியும் இருக்கலாம். மகளுக்கும் மகனுக்கும் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள், இரும்புத்துண்டு எதைக் கண்டாலும் தொடாமல் வந்து சொல்ல வேண்டும், நீங்கள் 119க்குச் சொல்ல வேண்டும். வீட்டுக்கோ மாட்டுக்கோ சேதம் என்றால் கூட்டித் துடைக்க முன்னம் படம் எடுத்து, ஜீ.எஸ்ஸிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்திருங்கள்.